கருப்பசாமி முன்னால் என் கீழுதடு

சூடம் எரிந்துகொண்டிருக்கிறது. நான் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கை பாதியில் நிற்கிறது.

காலை பதினோரு மணி வெயில். இடம், கண்மாய்க்கரைக் கருப்பசாமி கோயில். கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. ஒரு வேப்பமரம், ஒரு பீடம், நட்டுவைத்த ஏழெட்டு அரிவாள். பீடத்தில் பித்தளைத் தட்டு, தட்டில் கட்டைவிரல் தண்டிக்குச் சூடம். சுற்றிலும் அறுபது எழுபது பெற்றோர்கள், அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியர், பள்ளிக்கூட வாசலில் கடை போட்டிருக்கும் மூன்று பேர்.

எங்கள் பக்கத்து ஊர்களில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்வான், கோர்ட்டில் பொய் சொல்வான், பெண்டாட்டியிடம் தினமும் ரெண்டு வேளை சொல்வான். கருப்பன் முன்னால் சூடத்தை அணைத்துப் பொய் சொல்கிறவன் எங்கள் தாலுகாவில் இன்னும் பிறக்கவில்லை.

கூட்டத்தைக் கூட்டியவன் நான். சூடம் வாங்கிவந்தவன் நான். கொளுத்தியவனும் நான்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போதைப் பொட்டலம் விற்பது யார் என்று கண்டுபிடிக்க நான் போட்ட திட்டம் அது. திட்டம் மூன்று கடைக்காரர்களையும் சுற்றிவிட்டுக் கடைசியில் என் எதிரே வந்து நின்றது.

"அணைங்க தலைவரே" என்றாள் பெற்றோர்களில் ஒருத்தியான நாகலட்சுமி. "என்ன யோசனை? கை சுட்டுரும்னு பயமா? கரிமூட்டத்துக்குள்ள கைய விட்டு எடுக்கிறவுகளாச்சே."

கை ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்னொரு தடவை கேட்டால் ஒன்றும் குறைந்துபோக மாட்டீர்கள்.

மூக்குள்ளவன்

பெயர் முத்தையா. அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரைக்கும் கரி முத்தையா என்று சொன்னால்தான் தெரியும். சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்து நாள் கணக்கில் புழுங்க விட்டால் கரி கிடைக்கும். அந்த அடுக்குக்குப் பெயர் மூட்டம். சீமைக்கருவேலத்தால் நாடே கெட்டுப்போச்சு என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் கெட்டுப்போகவில்லை. மாடி மேல் மாடி கட்டியிருக்கிறேன்.

மூட்டம் வெந்ததா இல்லையா என்பதைப் புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். முதலில் கெட்டியாக வெள்ளைப் புகை, வேகவேக மெலிந்து நீலம். அது சாதாரண ஆட்களுக்கு. நான் பாதித் தூரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி மூக்கைத் தூக்குவேன். "இன்னும் ஒண்ணரை நாள் கிடக்கு" என்றால் ஒன்றரை நாள்தான். என் மூக்கை வைத்து ஒரு பாடப்புத்தகமே எழுதலாம். எழுதினால் அதைப் படிக்க எனக்குத்தான் வராது. இந்தத் தொடரும் நான் வாயால் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுவதுதான்.

வராமல் போனதற்குக் காரணம் என் வாத்தியார்.

மூன்றாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாதியில் அவருக்கு மூக்குப்பொடி தீர்ந்துபோனது. பொடி இல்லாமல் அவருக்குப் பெருக்கல் வராது. "ஏலே முத்தையா, ஓடிப் போயி ஒரு மட்டை பொடி வாங்கிட்டு வா. வாத்தியாருக்குன்னு சொல்லு, குடுப்பாக." வாழைச்சருகு மட்டையில் மடித்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பினால் கடைக்கு எதிரே ஒரு கரி லாரி நிற்கிறது. டிரைவர் கேட்டார், "ஏறுறியாலே, எடுபிடிக்கு ஆள் வேணும்." ஏறினேன். பொடியை டிரைவரே வழியில் போட்டுத் தீர்த்தார். வாத்தியார் மேலோகத்திலும் அந்த மட்டைக்குக் காத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதை நான் மேடையில் சொல்லிச் சிரிக்க வைக்காத பள்ளி ஆண்டுவிழா கிடையாது. "பொடி வாங்கப் போனவன் இன்னைக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்!" என்று முடிப்பேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

தலைவர் பதவியும் சும்மா வந்ததல்ல. பாளையம்பட்டியைத் தாண்டி இருக்கிற அந்த அரசு மேல்நிலைப் பள்ளியின் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தேன். தொட்டியில் என் பெயர் தண்ணீரை விடப் பெரிதாக இருக்கும். பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். நல்ல மனிதர். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டுத் தருவார்.

ரெண்டு தீர்மானம்

ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அன்றைக்கு ஹால் நிறைந்து வராண்டாவிலும் ஆள் நின்றது. காரணம், பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள் என்று ஊரெல்லாம் கிளம்பிவிட்ட பேச்சு.

"மிட்டாயில கலக்குறாகளாம் சார்."

"மிட்டாய் இல்லண்ணே, ஸ்டிக்கரு. முதுகுல ஒட்டுனாப் போதும், ஏறிருமாம். எங்க மச்சினன் செல்லுல அனுப்பியிருக்கான்."

"எங்க பக்கத்து வீட்டுப் பய தலைவலி மாத்திரைய ஊசியில ஏத்துறானாம்."

"நீ பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அவுக ஆத்தாவே சொல்லுது."

கடைசி பெஞ்சிலிருந்து ராமர் எழுந்தான். எனக்கு லோடு ஏற்றுகிற ஆள். எழும்போதே பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். "தலைவரே! நம்ம பிள்ளைக போதையில அழிஞ்சு போறதப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது தலைவரே!" அவன் வாயிலிருந்து ஒயின்ஷாப்பு வாடை மூன்று பெஞ்சைத் தாண்டி வந்தது. அவன் மகள் பத்தாம் வகுப்பு. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தலைமை ஆசிரியர் எழுந்து நிதானமாகச் சொன்னார். ஊசியும் ஸ்டிக்கரும் அவர் பார்த்ததில்லை. ஆனால் வகுப்பறைக் குப்பைக்கூடையில் சின்னச் சின்ன வெள்ளைப் பைகள் கிடக்கின்றன. புகையிலைத் தூள் அடைத்தது. வெந்நீரில் முக்குகிற டீத்தூள் பையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எவ்வளவோ அவ்வளவு. உதட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டால் புகையும் வராது, துப்பவும் வேண்டாம். வாத்தியார் எதிரிலேயே வாயில் வைத்துக்கொண்டு திருக்குறள் ஒப்பிக்கலாம்.

"யார் விக்கிறாங்கன்னுதான் தெரியலை" என்றார்.

நான் மைக்கை வாங்கினேன். மைக் கையில் வந்துவிட்டால் எனக்கு முன்யோசனை வராது.

"சார், எழுதுங்க தீர்மானம். ஒண்ணு, பொட்டலத்தோட பிடிபடுற பயலுக்கு மறுநாளே டி.சி. ரெண்டு, பிள்ளைக கைக்கு அது போகக் காரணமான ஆள் எவனா இருந்தாலும் மூஞ்சில கரி பூசிப் பள்ளிக்கூட வாசல்ல நிறுத்தணும். கரி என் உபயம்."

"டி.சி.க்கு மேல கேக்கணுங்க" என்றார் தலைமை ஆசிரியர். "ரெண்டாவத நோட்டுல எழுதவே முடியாது."

"எழுதுங்க சார். தீர்மானம்னா கொஞ்சம் காரம் இருக்கணும்."

கழிப்பறையில் தண்ணீர் வருவதை நினைத்தோ என்னவோ எழுதினார். வட்டம் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

புதினா வாசம்

தீர்மானத்தோடு நிற்கிற ஆளா நான்? திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பையன்களை வரிசையில் நிறுத்தச் சொன்னேன். கரிமூட்டத்தை மோந்து பார்க்கிறவனுக்குப் பயல் வாயை மோந்து பார்ப்பது பெரிய வேலையா?

வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொருத்தனாக மோந்துகொண்டே போனேன். ஒருத்தனிடம் பழைய சோறு. ஒருத்தனிடம் வெங்காய வடை. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பேரிடம் தொடர்ச்சியாக ஒரே வாசம். குளிர்ச்சியாகப் புதினா வாசம். அங்கேயே நின்று மைக்கில்லாமலே பேசினேன்: "இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக காலையில ஒழுங்காப் பல்லு விளக்கிட்டு வாரத நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

பையன்கள் சிரித்தார்கள். என் நகைச்சுவைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. அதைப் போதை என்று நான் நினைத்ததே இல்லை. பழக்கம், அவ்வளவுதான். வாலிபத்தில் வெற்றிலையும் புகையிலையும். பிறகு வெள்ளைச் சட்டை, மேடை, சால்வை என்று வந்ததும் எச்சில் கறை சரிப்படவில்லை. யாரோ அந்தப் பையைக் காட்டினார்கள். கீழுதட்டில் ஒதுக்கினால் யாருக்கும் தெரியாது. அரசாங்கம் தடை போட்ட சரக்குதான். தடை போட்ட பிறகு தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது.

அதை வாங்க நானே பெட்டிக்கடைக்குப் போய் நிற்க முடியுமா? தலைவர் அல்லவா! என் கரி டெப்போ பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசை. சாயங்காலம் பையன்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். யாராவது ஒருத்தனைக் கூப்பிடுவேன்.

அன்றைக்குப் பையன்களின் வாயை மோந்தபோதும் என் கீழுதட்டில் ஒன்று இருந்தது. அந்தப் பையும் புதினா வாசம் சேர்த்ததுதான். தன் வாயில் இருக்கிற வாசம் எந்த மூக்குக்கும் பிடிபடாது என்பது எனக்குத் தெரியாத ஒரே சங்கதி.

ஜியாமெட்ரி பாக்ஸ்

நாகலட்சுமி என் டெப்போவுக்கு வந்தது அந்த வாரம்தான். நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். விசைத்தறிச் சத்தத்திலேயே வாழ்கிறதால் ரகசியத்தைக்கூடத் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினாள். அதிலேயே எனக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். காம்பஸுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் ஏழு வெள்ளைப் பைகள்.

"எம்மகன் தினேஷுதுண்ணாச்சி. பிளஸ் ஒன்னு. பத்து நாளா கொழம்பத் தொடமாட்டேங்கான். வெறுந்தயிரு போட்டுச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சிருதான். என்னடான்னு வாயத் தொறந்து பாத்தா, கீழ் ஒதட்டுக்குள்ள வெள்ளையா வெந்து கெடக்கு. காரம் பட்டாத் துடிக்கான்."

"கவலைப்படாதம்மா, நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க இருக்கிறதுதான் கவலை. டி.சி. குடுக்கணும்னு தீர்மானம் போட்டது நீங்கதான. ஹெச்.எம்.கிட்டப் போனா அவுக எழுதி வச்சதச் செய்யணும். எங்க வீட்டுல பத்தாவதுக்கு மேல போன மொதப் பய இவன். வெளிய வந்துட்டான்னா இவுக அப்பா மறுநாளே தறியில உக்கார வச்சிருவாரு. பொறவு எங்க பள்ளிக்கூடம்? பேரு வெளிய வரக்கூடாது. ஆனா விக்கிற ஆள மட்டும் பிடிச்சிருங்க. கடை நின்னாத்தான் இவன் நிப்பான்."

புரிகிறதா? மகன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், பொட்டலம் இருக்கக்கூடாது. இவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் அரை மணி நேரம் தைரியம் சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று எனக்கு நினைப்பு.

கிளம்பும்போது சொன்னாள்: "ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்கக்கூடாது. நீங்க பேசுறப்ப கீழ் ஒதட்ட மடக்கிக்கிட்டுப் பேசுதீக. எம்மகனும் இப்ப ஒரு மாசமா இப்பிடித்தான் பேசுதான்."

"பல்செட்டும்மா" என்றேன்.

எனக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்.

பேச்சியம்மாவின் சத்தியம்

போலீசுக்குப் போனால் பையன்கள் பெயர் கேட்பார்கள். ஆகவே கருப்பன். மூன்று கடைக்காரர்களும் பெற்றோர் முன்னால் சூடம் அணைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். விற்கிறவன் வரமாட்டான், வராதவன்தான் ஆள். இதுதான் திட்டம். காவல்துறையில் என்னைச் சேர்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

ஜூஸ் கடைக்காரர் அணைத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் அணைத்தார், கொஞ்சம் சுட்டுக்கொண்டார். அடுத்தது பேச்சியம்மா. பெட்டிக்கடை. புருசன் இல்லாமல் மூன்று பெண்களைக் கரையேற்றியவள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பளாரென்று அடித்தாள். சூடம் அணைந்தது.

"கருப்பா! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குன்னு ஒரு பொட்டலம் நான் வித்திருந்தா எங்குடும்பம் வெளங்காமப் போகட்டும்!"

கூட்டம் உச் கொட்டியது. மூன்று பேரும் சுத்தம். அப்படியானால் யார்? நான் அடுத்த திட்டம் யோசிக்கத் தொண்டையைச் செருமினேன். பேச்சியம்மா இன்னும் முடிக்கவில்லை.

"நான் வித்ததெல்லாம் தலைவருக்கு மட்டுந்தான்."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"என்ன சொல்றீங்க?" என்றார் தலைமை ஆசிரியர்.

"ஆமா சார். பிள்ளைக வந்து கேட்டா, போலே நாயேன்னு வெரட்டிருவேன். தலைவருக்குன்னு சொல்லிக் கேட்டா? பெரிய மனுசன், இல்லைன்னு சொல்ல முடியுமா? குடுத்துவிட்டேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"மொதல்ல ஒண்ணு ரெண்டுதான். இந்த வருசந்தான் கூடிப்போச்சு. முப்பது, நாப்பது. என்னடா, ஒரு மனுசன் இத்தனையா வாயில அடைப்பாருன்னு நானும் யோசிச்சேன். சரி, பெரிய மனுசன், பெரிய வாயி, இருக்கும்னு விட்டுட்டேன்."

முதலில் சிரித்தது ராமர்தான். பிறகு மொத்தக் கூட்டமும். கருப்பசாமி பீடத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

நான் கத்தினேன். என் பெயரைச் சொல்லி எவனோ வாங்கினால் அதற்கு நானா பொறுப்பு, என்னைப் பிடிக்காதவன் செய்த சதி இது, கரி ஏலத்தில் தோற்ற ஆள் ஒருத்தன் இருக்கிறான் என்றெல்லாம். நாகலட்சுமி சூடப் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"சரி அண்ணாச்சி. புதுச் சூடம் ஏத்துங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள நான் ஒரு நாளும் அதை வாங்க அனுப்புனதில்லைன்னு சொல்லி அணைச்சிருங்க. நாங்க வீட்டுக்குப் போறோம்."

கொளுத்தினேன். கையைத் தூக்கினேன். அங்கேதான் நின்றது.

தினேஷ்

சூடத்துக்குப் பின்னால் அரிவாள்கள். அரிவாள்களுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, கண்மாய்தான். ஆனாலும் என் கை இறங்கவில்லை. வாத்தியாருக்குன்னு சொல்லு, குடுப்பாக. தலைவருக்குன்னு சொல்லு, குடுப்பாக. ரெண்டும் ஒரே குரலாக எனக்குக் கேட்டது.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா. அவுக அணைக்க வேண்டாம்."

தினேஷ். சைக்கிளோடு நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

"எட்டாவது படிக்கிறப்ப அவுக டெப்போ வாசல்ல கூப்பிட்டு என்னைத்தான் மொதல்ல அனுப்புனாக. தலைவருக்குன்னு சொன்னா பேச்சியம்மா குடுக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரியும். ஒரு நாளு அது எப்பிடித்தான் இருக்குன்னு பாப்பமேன்னு ஒண்ணு எடுத்து வச்சேன். பொறவு பசங்களுக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

நாகலட்சுமி தெலுங்கில் ஆரம்பித்தாள். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. மகனை இரண்டு அடி அடித்தாள். மூன்றாவது அடிக்கு ஓங்கியவள் சட்டென்று நிறுத்தித் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தத் தீர்மான நோட்டு இருக்கா?"

இருந்தது. அந்த மனிதர் எங்கே போனாலும் நோட்டை எடுத்துக்கொண்டுதான் போவார்.

"படிங்க."

அவர் படித்தார். படிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. பிடிபடுகிற மாணவனுக்கு டி.சி. காரணமான ஆள் எவராயினும் முகத்தில் கரி. கரி, தலைவர் உபயம்.

"எம்மகன் எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டான். டி.சி.ய எழுதுங்க. ஆனா ரெண்டு தீர்மானமும் ஒரே பக்கத்துலதான இருக்கு? ஒண்ணு மட்டும் எப்பிடி நடக்கும்?" தறிச் சத்தத்தையும் மிஞ்சுகிற குரல் அது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

என்னை அடித்தவர்கள் உண்டு, ஏமாற்றியவர்கள் உண்டு. என் எழுத்தை எனக்கே படித்துக் காட்டி மடக்கிய முதல் ஆள் அவள்தான். எதையும் எழுதி வைக்கச் சொல்லாதவன்தான் நிம்மதியாக இருக்கிறான்.

நான் கீழுதட்டை இழுத்தேன். உள்ளே இருந்ததை எடுத்தேன். கோயிலில் துப்பக்கூடாது, ஆகவே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினேன். ஈரமாக, பழுப்பாக, செத்த வண்டு மாதிரி இருந்தது. எத்தனையோ வருசமாக வாயில் வைத்திருக்கிறேன், அதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"நான்தான் அனுப்புனேன்" என்றேன்.

சூடம் எரிந்து முடிந்திருந்தது. தட்டில் கரி படிந்திருந்தது. விரலால் வழித்து என் கன்னத்தில் இழுத்துக்கொண்டேன். சுட்டது. சூடக் கரி மூட்டக் கரியைப் போல அல்ல, எண்ணெய் மாதிரி ஒட்டும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

"சார், எந் தீர்மானம் நிறைவேறிருச்சு. அவன் தீர்மானத்த அடிச்சிருங்க."

"ஒரு கன்னந்தான் ஆயிருக்கு தலைவரே" என்றான் ராமர். குடிகாரனுக்குக் கணக்குத் தப்பாது. மறு கன்னத்திலும் பூசிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் அவர் போட்ட கோடு எவ்வளவு நேராக இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வாயைத் திற

"அடிச்சாப் போதுமா?" என்றாள் நாகலட்சுமி. "இவன் விட்டுருவானா? நீங்க விட்டுருவீகளா? ரெண்டு பேரையும் நான் நம்ப மாட்டேன்."

அவள் போட்ட தீர்மானம் நோட்டில் ஏறவில்லை. திங்கள்தோறும் காலை பள்ளிக்கூட வாசலில் நான் தினேஷின் வாயைப் பார்க்க வேண்டும். தினேஷ் என் வாயைப் பார்க்க வேண்டும். அவள் பக்கத்தில் நிற்பாள். அவன் வாயில் இருந்தால் ஒரு வாரம் தறி. என் வாயில் இருந்தால் ஒரு வாரம் நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக்கூடாது.

பேச்சியம்மா அன்றைக்கே சரக்கை நிறுத்தினாள். தலைவரே வாங்காத பொருளை யாருக்கு விற்பது என்று கேட்டாளாம்.

தலைமை ஆசிரியர் எங்கள் ரெண்டு பேரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டர், சின்னப் பெண், தினேஷின் உதட்டைப் பார்த்துவிட்டு, "நிறுத்தினா ஆறிடும் தம்பி" என்று சிரித்தாள். என் உதட்டைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு துணுக்கு வெட்டி மதுரைக்கு அனுப்பினாள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் யாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனைவி காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. வந்த அன்றைக்குச் சாயங்காலமே டெப்போவில் உட்கார்ந்து என் உடம்பு வாகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

விடுவது லேசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராம்பை மென்றேன், ஏலக்காயை மென்றேன், லோடு ஏற்றுகிறவர்களைக் கடித்தேன். கீழுதட்டுக்குள் ஒரு காலி இடம், வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி. தினேஷுக்கும் அப்படித்தானாம். வாசலில் பார்க்கும்போது, "ஒங்களுக்கும் நாக்கு அங்கயே போகுதா?" என்று கேட்டான். "போகுதுடா" என்றேன்.

நாலு திங்கள் தாண்டினோம். ஐந்தாவது திங்களுக்கு முந்தின ஞாயிறு, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பழைய கூட்டாளி ஒருத்தன், "ஒண்ணுதானலே, ஒண்ணுல என்ன ஆயிரும்" என்று நீட்டினான். ஒன்றில் ஆகவில்லை. திங்கள் காலையிலும் ஒன்று இருந்தது.

வாசலில் மூவரும் நின்றோம். பிரேயர் மணி அடித்துவிட்டது. நான் அவன் வாயைப் பார்த்தேன். கீழுதடு உள்ளே ரோஸ் நிறத்தில் சுத்தமாக இருந்தது. மூன்று நாளாக மீன்குழம்பு சாப்பிடுகிறானாம்.

"இப்ப நீங்க" என்றான்.

வாயைத் திறந்தேன், நாக்கை மட்டும் காட்டினேன்.

"கீழ் ஒதட்ட இழுங்க."

இழுத்தேன். அவன் பார்த்தான். நான் அவன் கண்ணைப் பார்த்தேன். தலைவருக்காக ஒரு தடவை விட்டுக்கொடுப்பான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எத்தனை தடவை எனக்காக ஓடியவன்!

"என்னலே, இருக்கா?" என்றாள் நாகலட்சுமி.

"இருக்கும்மா" என்றான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவள் கேட்டுக்கு வெளியே கையைக் காட்டினாள். நான் வெளியே வந்தேன். வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார். உள்ளே என் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

மூன்றாம் வகுப்பிலிருந்து நானாகத்தான் போனேன். என்னை யாரும் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பியது கிடையாது. எழுபது வயதில் அதுவும் நடந்தது. ஒரு வாரம் டெப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பையன்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். ஒருத்தனையும் நான் கூப்பிடவில்லை.

அடுத்த திங்கள் மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். யாரும் கேட்கவில்லை. நானே கீழுதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.